நின்றால் நடுங்கும் டெலிவரி வண்டி

நமது சங்க உறுப்பினர்களில் மொத்த வியாபாரம் செய்பவர்களானாலும், சில்லறை மளிகை நடத்துபவர்களானாலும், சொந்தமாக ஒரு சிறு வண்டி இல்லாதவர்கள் இன்று குறைவு. கோயம்பேட்டிலிருந்து காய்கறி, செங்குன்றத்திலிருந்து அரிசி, பாரிமுனையிலிருந்து பருப்பும் மசாலா சாமான்களும் என்று விடிவதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும். மாருதி ஆம்னி வேன் 1984-இல் வந்தது. 2019-இல் அதன் தயாரிப்பு நின்றது. ஆனால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், அந்த வேன்கள் இன்னும் மூட்டை ஏற்றிக்கொண்டுதான் போகின்றன. அதற்குப் பின் வந்த ஈக்கோ, சூப்பர் கேரி, பெட்ரோலில் ஓடும் டாடா ஏஸ் ஆகியவையும் நம்மிடையே இருக்கின்றன.

இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம். ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலிலோ, கடை வாசலில் சரக்கு இறக்கும்போதோ ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு நின்றால் இன்ஜின் குலுங்கும், தடதடக்கும், ஏறி இறங்கும், சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். மெக்கானிக்குகள் இதை ‘ஐடிலிங் சரியில்லை’ என்றும், ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்றும் சொல்வார்கள். நாம் மெக்கானிக் அல்ல, மண்டிக்காரர். ஆயினும் இத்தனை ஆண்டுகள் வண்டி வைத்து, நல்ல கைகள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டவை உண்டு. அவற்றை உறுப்பினர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறோம். டீசல் வண்டியின் சங்கதி வேறு; அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஓடும்போது இல்லாத கோளாறு நிற்கும்போது மட்டும் ஏன் வருகிறது? நம் தொழிலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஐம்பது கிலோ அரிசி மூட்டையில் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்பதில்லை. அதே ஐந்து கிராம் பத்து கிராம் ஏலக்காயில் குறைந்தால் வாடிக்கையாளர் விடுவாரா? இன்ஜினும் அப்படியே. வேகமாக ஓடும்போது அது உள்ளே இழுக்கும் காற்று மூட்டைக் கணக்கு. நிற்கும்போது திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் இழுக்கும் காற்று ஏலக்காய்க் கணக்கு. எடைக்கு எடை பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று ஏறத்தாழ பதினான்கே முக்கால் பங்கு இருக்க வேண்டும். நிற்கும் நேரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தாலும் இந்தத் தராசு சாய்ந்துவிடும். ஓடத் தொடங்கியதும் அதே ஓட்டை பெரிய கணக்கில் மறைந்துபோகும்.

இதிலிருந்தே முதல் துப்பு கிடைக்கிறது. நிற்கும்போது குலுங்கி, ரேஸ் கொடுத்தால் முழுவதுமாகச் சரியாகிவிட்டால், பெரும்பாலும் காற்றுக் கசிவு அல்லது ஐடிலிங் பாதையில் அடைப்பு. ரேஸ் கொடுத்தாலும், மேம்பாலம் ஏறும்போதும், லோடு ஏற்றியபின்னும் வெட்டி வெட்டி இழுத்தால் நெருப்புப் பக்கம், அதாவது பிளக், ஒயர், காயில் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டுமா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, மழை நாளிலா என்றும் கவனித்துக் குறித்து வையுங்கள். இந்த விவரத்தோடு போகிறவருக்கும், ‘வண்டி சரியில்லை, பார்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கும் பில் தொகையில் வித்தியாசம் இருக்கும்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டி நின்றால் ஆஃப் ஆகிறது என்று போனால், கார்பரேட்டரில் இருக்கும் ஐடில் ஸ்க்ரூவை இரண்டு திருகு திருகி, ரேஸை ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டி ஆஃப் ஆகாது, நமக்கும் திருப்தி. ஆனால் நோய் அப்படியே இருக்கிறது. ஓட்டைப் படியில் அளப்பவர் ஒரு கை கூடுதலாகப் போட்டுச் சமாளிப்பது போன்ற வேலை இது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கியர் போடும்போது ‘டக்’கென்று இடிக்கும், பிரேக்கை மிதித்தாலும் வண்டி முன்னே தள்ளும். சூடான இன்ஜின் நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று சுற்றுவது ஆம்னியின் வழக்கம். ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும், முதல் வேலையாக அல்ல.

இன்னொரு விஷயம் மனவருத்தம் தருவது. ஆம்னியின் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். மூன்றில் ஒன்று எரியாமல் போனால், கார்பரேட்டர் வண்டியில் அந்தச் சிலிண்டருக்குப் போகும் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு வீண். மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கைப் பார்க்கும் முதலாளிக்கு முதலில் தோன்றுவது என்ன? டிரைவர் கை வைக்கிறான் என்பதுதான். பல வருடம் நம்பிக்கையாக ஓட்டிய பையன்களை இந்தக் காரணத்தால் கணக்குத் தீர்த்து அனுப்பியதை நம் பகுதியிலேயே கண்டிருக்கிறோம். அடுத்து வந்த டிரைவரிடமும் அதே மைலேஜ்தான். மைலேஜ் திடீரென்று விழுந்தால், ஆளைக் கேட்பதற்கு முன் இன்ஜினைக் கேளுங்கள். வண்டி குலுங்குகிறது என்று அந்தப் பையன் பத்து நாளைக்கு முன்பே சொல்லியிருப்பான். நாம்தான் கல்லா வேலையில் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் குலுங்குவது இன்ஜினா, வண்டியின் உடலா என்று பாருங்கள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்துபோனால் நன்றாக ஓடும் இன்ஜின்கூட வண்டி முழுவதையும் உதறும். சத்தம் சீராக, ஒரே தாளத்தில் இருந்து, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங்தான். மூட்டை ஏற்றும் வண்டியில், அதுவும் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிய காலத்தில் நம் சாலை பட்ட பாட்டில், மவுண்டிங் ரப்பர் போவது அதிசயமல்ல. பிறகு ஏர் ஃபில்டர். மாவு, மிளகாய்த் தூள், சாக்குத் தூசி இவற்றுக்கு நடுவே நிற்கும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடையும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்து காற்றுக் கசிவு. நம் அனுபவத்தில் பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து பல சிறு ரப்பர் ஹோஸ்கள் கிளம்புகின்றன. ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு, ஒன்று பிரேக் பூஸ்டருக்கு, ஒன்று இன்ஜின் புகையை உள்ளே திருப்பிவிடும் வால்வுக்கு. ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில், காற்றோட்டம் குறைந்த இடத்தில் இருப்பதால் இந்த ரப்பர் வெந்து, பப்படம் போல் விறைத்து, மாட்டியிருக்கும் முனையில் கீறல் விடும். மேலே பார்த்தால் தெரியாது. வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். கார்பரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங்கும் இப்படியே.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டடி நீளமுள்ள ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ் இணைப்புகளின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால், கசியும் இடத்தில் ‘உஸ்’ என்ற சத்தம் தனியாகக் கேட்கும். மின்விசிறி, பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது தெளிப்பானில் வெறும் தண்ணீரை எடுத்து, மின் இணைப்புகள் மீது படாமல், சந்தேகப்படும் இணைப்பில் லேசாகத் தெளியுங்கள். அந்த நொடியில் இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சில இடங்களில் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சீட்டுக்கு அடியில், சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் தெளிப்பது தீயோடு விளையாடுவது. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். கரையான்சாவடிப் பக்கம் ஒரு மளிகைக்காரர் புதுக் கார்பரேட்டரே வாங்கிப் போட்டும் குலுக்கல் நிற்காமல், கடைசியில் விரல் நீள ஹோஸ் ஒன்றை மாற்றியதும் நின்றது. ஹோஸுக்கு ஆன செலவு இரண்டு டீ விலை.

இந்த ஹோஸ்களில் பிரேக் பூஸ்டருக்குப் போவதைத் தனியாகச் சொல்கிறோம். பூஸ்டர் உள்ள வண்டிகளில், நாம் லேசாக மிதித்தாலே பிரேக் பிடிப்பது இன்ஜின் இழுக்கும் அந்தக் காற்றின் பலத்தால்தான். அந்த ஹோஸ் கீறினால் இன்ஜினும் குலுங்கும், பிரேக்கும் கட்டையாகும். இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால் பூஸ்டரில் சேமித்த பலம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். ஹோஸ் கசிந்தால் அதுவும் இராது. குமணன்சாவடி கூட்டுச் சாலையில், பத்து மூட்டையோடு, முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும்போது வண்டி ஆஃப் ஆனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சோதிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்தால் பெடல் கட்டையாகும். காலை அதன்மீதே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைக்கு லோடு வேண்டாம். வாடகை வண்டியில் சரக்கு எடுங்கள்.

காற்றுப் பக்கம் சரி என்றால் நெருப்புப் பக்கம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல. முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நலம். கரி படிந்து உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே நெருப்பே விழவில்லை. எண்ணெய் ஒட்டியிருந்தால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். மூன்று பிளக்கையும் கழற்றிய வரிசையில் காகிதத்தின்மேல் வையுங்கள். இரண்டு பழுப்பு, ஒன்று கறுப்பு என்றால் தொல்லை அந்த ஒன்றில். மூன்றும் ஒரே நிறம் என்றால் தொல்லை பொதுவானது. பழைய பிளக்கை உப்புக் காகிதம் தேய்த்துத் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டாம். இடைவெளி வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழைக் கீறல் இருக்கும். ஈரம் அதில் இறங்கி நெருப்பு வழிமாறிப் போகும். இருட்டில் சீட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், ஒயர் கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். பார்ப்பதோடு சரி, தொடக் கூடாது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக் முறை. பிடுங்கியதும் குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. எம்பிஎஃப்ஐ வண்டியில் இதைச் செய்ய விடக் கூடாது. காயிலும் கம்ப்யூட்டரும் கெடலாம். எரியாத பெட்ரோல் போய் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். அது விலை உயர்ந்த பொருள். புது வண்டியில் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றியோ, ஸ்கேனர் வைத்தோதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பெட்ரோல் பக்கம் பார்ப்போம். ஆம்னியின் கார்பரேட்டரில் ஐடிலிங்குக்கென்று மயிர் நுழையும் அளவு துளையுள்ள சிறு ஜெட் இருக்கிறது. அதில் ஒரு துகள் அடைத்தாலும் வண்டி நிற்காது, அதாவது நின்றால் ஓடாது. (மாருதிக்குக் கார்பரேட்டர் செய்து கொடுத்தது நம் பக்கத்து மறைமலைநகரில் உள்ள யூகால் நிறுவனம், ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு. அதனால் உதிரி பாகத்துக்கு நம்மூர்க்காரர் ஒருபோதும் திண்டாடியதில்லை.) ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு எந்தத் திருகலுக்கும் கட்டுப்படாது.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் 10 சதம் கலந்த பெட்ரோல் 2022-இல் நாடு முழுவதும் வந்தது. 20 சதம் கலந்தது பிப்ரவரி 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் பெரும்பாலான பங்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு பெட்ரோலுக்குக் காற்று கூடிப்போன மாதிரி ஆகிறது. சென்சார் உள்ள வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே கசிவு, பிளக் எல்லாம் சரிபார்த்தபின், மிக்சர் ஸ்க்ரூவைச் சற்றே பெட்ரோல் கூடும்படி வைத்தால் பல பழைய வண்டிகளின் நடுக்கம் அடங்குகிறது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் இளக்கும் என்பதால், அவற்றையும் புதிய பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றிவிடுவது நல்லது.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். இன்ஜின் முதலில் குடிப்பது அதைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவும். வடிகட்டிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பெட்ரோலைத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் அரை மணி வைத்தால், அடியில் தனிப் படலம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணெயில் கலப்படம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையல்ல.

காஸும் பெட்ரோலும் இரண்டும் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் சோதனைக் கருவி அவர்கள் கையிலேயே சுவிட்சாக இருக்கிறது. பெட்ரோலில் மட்டும் குலுங்கினால் தொல்லை பெட்ரோல் பாதையில். காஸில் மட்டும் குலுங்கினால் முதலில் ரெட்யூசரையும் அதன் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். அதோடு, காஸில் பலவீனமான பிளக் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டிலும் குலுங்கினால் பெட்ரோல் பாதையை விட்டுவிட்டு நெருப்பு, காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் என்று தேடலாம். வீட்டு சமையல் சிலிண்டரை வண்டியில் மாட்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அப்படி ஓடும் வண்டிக்கு ஐடிலிங் பற்றிப் பேசிப் பயனில்லை, முதலில் சிலிண்டரை இறக்குங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில் அதிகம் காண்பது திராட்டில் பாடியில் படியும் கரி. கதவின் ஓரத்தில் கரி படிந்தால் நிற்கும்போது காற்றுப் போகும் சந்து அடைபடும். உரிய திரவத்தால் துடைத்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். துடைத்தபின் கம்ப்யூட்டருக்கு ஐடிலிங்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் இரண்டு நாள் வண்டி ஏறி இறங்கும், நாம் மறுபடி போய் நிற்போம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டு வரும் எண்ணை எழுதி வாங்குங்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங், 0302 இரண்டாவது, 0303 மூன்றாவது. 0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை மாறி மாறி. அந்த எண் நோய் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. 0302 வந்ததும் ‘இன்ஜெக்டர் போச்சு’ என்பவரிடம், இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டச் சொல்லுங்கள். எண் 0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம். விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

நம்மில் பலர் கவனிக்காத சோதனை ஒன்று நம் பர்ஸிலேயே மடித்துக் கிடக்கிறது. புகைச் சான்றுக்காக வண்டியைக் கொண்டுபோகும்போது அவர்கள் அளப்பது இதே ஐடிலிங்கில்தான். கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும், ஹைட்ரோகார்பன் பிபிஎம் கணக்கிலும் அச்சாகி வரும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்கு 3 சதமும் 1,500 பிபிஎம்மும் வரம்பு. பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 0.3 சதமும் 200 பிபிஎம்மும். தேறியதா என்று மட்டும் பார்க்காமல் எண்ணைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது குறைந்திருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் துப்புகிறது. போன முறைச் சீட்டோடு ஒப்பிட்டால் கோளாறு தொடங்கிய காலமும் தெரியும். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்குகிறவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்காது. அந்தக் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம் என்பதால், மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்டு கிடங்குக்குள் வண்டியை ஓடவிட்டபடி ஐடிலிங் பார்ப்பதும் சரக்கு இறக்குவதும் உயிருக்கு ஆபத்து.

காற்று, நெருப்பு, பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் சோம்பிக் கிடந்தால் மட்டும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் டப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் அளந்து சரிசெய்ய வேண்டும். காஸில் ஓடும் வண்டியில் வால்வு சீக்கிரம் தேய்வதால் இது முக்கியம். கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்து, மூன்று எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஹெட்டைக் கழற்றும் வேலைக்கும் முழு இன்ஜின் வேலைக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். இந்த எண்கள் கையில் இல்லாமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.